மூன்று நிறங்களும் ஒரு மைதானமும்

பெப்ரவரியில் எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைகளில் இறப்பர் மரங்கள் இலை கொட்டி நிற்கும். ஆண்டின் பெரும்பகுதி மழையில் ஊறிக் கிடக்கும் கேகாலை மாவட்டத்தில் மைதானம் காய்ந்திருப்பது இந்தச் சில வாரங்கள்தான். தோட்டப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியை முதலாம் தவணையில் வைப்பது அதனால் வசதி. ஆனால் இலை கொட்டும் காலத்தில் மரத்தில் பால் குறையும். பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் காசும் குறையும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வீட்டுக்கு வீடு கேட்ட தொகை சிறியதுதான். இந்த மாதத்தில் அது பெரிய தொகை. முடிந்தவர்கள் கொடுத்தார்கள். முடியாதவர்கள் மூங்கில் வெட்டிக் கொண்டுவந்து போட்டார்கள், தென்னோலை இறக்கினார்கள், மைதானத்துப் புல்லைச் செதுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். மைதானத்தின் மேலோரத்துப் பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் வேலை இருக்கிறது.

கணித ஆசிரியர் நடுவில் முளை அடித்து, கயிறு பிடித்து வளைவு போடுகிறார். தோட்டத்துக்குச் சொந்தமான மைதானம் இது. ஒரு பக்கம் தேயிலை மலை ஏறிப் போகிறது. மறுபக்கம் மண்திட்டு சரிகிறது. 400 மீற்றர் ஓடுபாதைக்கு இடமில்லை. 200 மீற்றர் பாதைதான். அதிலும் திட்டுப் பக்கத்து வளைவு கொஞ்சம் இறுக்கம். சுண்ணாம்புத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அவர் பின்னால் குனிந்தபடி போகிறான்.

"கோடு நேரா வருதா சேர்?"

"நீ கயித்தப் பாத்து வாடா. கோடு தானா வரும்."

வள்ளுவர் இல்லம் சிவப்பு, இளங்கோ இல்லம் நீலம், பாரதி இல்லம் மஞ்சள். மைதானத்தின் கீழோரத்தில் மூன்று இல்லங்களும் கூடாரம் கட்டிக்கொண்டிருக்கின்றன. இல்ல அலங்காரத்துக்குத் தனிப் புள்ளி உண்டு. நீல இல்லம் சாக்குத் துணியை மண்குழம்பில் நனைத்துப் போர்த்தி, சிவனொளிபாதமலையை எழுப்புகிறது. உச்சி வரை படிகள். படியோரத்தில் வண்ணக் காகிதம் சுற்றிய விளக்குகள். சிவப்பு இல்லம் தென்னோலைத் தோரணத்தால் வாசல் வளைவு செய்கிறது. மஞ்சள் இல்லம் செய்வதைப் பார்க்கத்தான் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கூடி நிற்கிறார்கள். அட்டைப் பெட்டியில் ஒரு லயம். தகரக் கூரை, முன் இஸ்தோப்பு, கொடியில் காயும் துணி எல்லாம் இருக்கின்றன. நடுக் காம்பராவுக்கு மட்டும் கதவைப் பெரிதாக வெட்டி, உள்ளே தட்டுகள் அடித்து, தீப்பெட்டிகளைப் புத்தகங்களாக அடுக்குகிறாள் ஒரு பெண். வாசலில் 'நூலகம்' என்று எழுதி ஒட்டுகிறாள். அப்படி ஒரு காம்பரா இந்தத் தோட்டத்தில் இல்லை.

பிள்ளைகளை இல்லங்களுக்குப் பிரித்தது சேர்விலக்கம்தான். ஒன்று சிவப்பு, அடுத்தது நீலம், அதற்கடுத்தது மஞ்சள். அக்காள் ஒரு நிறம், தம்பி இன்னொரு நிறம். தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்குப் பிள்ளையும் கீழ்ப்பிரிவான பணியகணக்குப் பிள்ளையும் ஒரே மூங்கிலின் இரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளையின் மகனும் கொழுந்தெடுப்பவரின் மகளும் ஒரே தகரத்துப் பசையில் விரல் தோய்க்கிறார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துச் சிறுமி நீலத்தின் உச்சி விளக்கை எங்கே வைப்பது என்று கட்டளையிடுகிறாள். தோட்டத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எந்தக் கணக்கு, எந்த லயம், யார் வீடு, அப்பா எந்தச் சங்கம் என்றுதான் பதில் வரும். பிறந்ததிலிருந்து அதோடு ஒட்டியிருப்பதெல்லாம் பெரியவர்களின் வேலையும் பெரியவர்களின் பிரிவினையும்தான். இல்லத்தின் நிறம் ஒன்றே அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்ததனால் தானாகப் பெற்றது. இந்தப் பிள்ளைகள் அதை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதன் காரணம் எனக்கு இந்தப் பின்னேரத்தில் விளங்குகிறது.

*

இல்லம் பிரித்துப் போட்டியிடும் வழக்கம் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் பிறந்து, மிஷனரிக் கல்லூரிகள் வழியாக இலங்கை நகரங்களுக்கு வந்தது. அந்தப் பிரித்தானியாவிலிருந்துதான் தோட்டத்துத் துரைமாரும் வந்தார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அவர்கள் கொடுத்த படிப்பு வேறு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களிடம் விட்டது. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், சில வகுப்புகள், அதன்பிறகு வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களம். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே பெரிய வகுப்புகள் வந்தன. பெரிய வகுப்புகள் வந்த பிறகுதான் மாணவத் தலைவர் சின்னமும் இல்லக் கொடியும் வந்தன.

கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவையில் அந்தப் பாதை இன்னும் கரடுமுரடு. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களோடு வகுப்புகள் மெலிந்தன. 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன, 1983இல் மறுபடியும். வன்னிக்குப் போனவர்கள் பலர். எஞ்சி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது என் கண்முன் மூங்கிலைத் தூக்கி நிறுத்துகிறார்கள். நுவரெலியாப் பக்கத்தில் தோட்டத்தை அடுத்துத் தோட்டம் இருக்கும்; கடைத்தெருவிலும் தமிழ் கேட்கும். இங்கே ஒரு தமிழ்ப் பாடசாலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சிங்களக் கிராமங்கள். கடைக்குப் போனால் சிங்களம், பஸ்ஸில் சிங்களம், மருந்தெடுக்கப் போனால் சிங்களம். பிள்ளைகள் அதையெல்லாம் நன்றாகவே பேசுகிறார்கள். தமிழை நிமிர்ந்து நின்று, ஒலிபெருக்கியில், ஊர் கேட்கப் பேசுவதற்குக் கோயில் திருவிழாவும் பாடசாலை விழாவும்தான் இருக்கின்றன.

*

சனிக்கிழமை காலை. பனி விலகுவதற்குள் ஒலிபெருக்கி கட்டியாகிவிட்டது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறான். தமிழ்மொழித் தினப் போட்டியில் பேச்சுக்காக வலயம் வரை போனவன் என்று பக்கத்தில் நின்ற தாத்தா ஒருவர் தன் கூட்டாளியிடம் பெருமையாகச் சொல்கிறார். தெஹியோவிட்ட வலயத்துப் போட்டியைப் பற்றி, அங்கே அவன் குரல் நடுங்காததைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவனுக்கு அவர் சொந்தமா என்று கூட்டாளி கேட்கிறார். "நம்ம ஸ்கூல் புள்ளதானே" என்கிறார்.

மங்கள விளக்கு, தேசியக் கொடி, பாடசாலைக் கொடி, மூன்று இல்லக் கொடிகள். பிரதம விருந்தினராக வந்த கல்வி அதிகாரி தமிழில் வணக்கம் சொல்லிவிட்டு, சிங்களத்தில் சுருக்கமாகப் பேசி அமர்கிறார். பாண்ட் வாத்தியம் முழங்க அணிநடை தொடங்குகிறது. இரண்டு மேளங்கள் கீழே கிராமத்துச் சிங்களப் பாடசாலை இரவல் தந்தவை. அந்தப் பாடசாலைப் பையன்கள் சிலர் வேலியோரத்தில் நின்று, தங்கள் மேளத்தை இவர்கள் எப்படி அடிக்கிறார்கள் என்று கவனிக்கிறார்கள். தாளம் ஓரிடத்தில் தளும்புகிறது. வேலியோரத்துப் பையன் ஒருவன் தன் தொடையில் தட்டித் தாளம் காட்டுகிறான். மேளக்காரச் சிறுவன் அவனைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறான்.

சிவப்பின் தலைவி முன்னால் கொடி பிடித்து வருகிறாள். பதினோராம் வகுப்பு. ஒல்லியான உடம்பு, முதுகு நிமிர்ந்திருக்கிறது. வெள்ளைச் சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசி இன்னும் வெளுப்பாக்கியிருக்கிறாள். அணிநடை முடிந்ததும் கூடாரத்துக்குப் பின்னால் போய் அதைக் கழற்றுகிறாள். நீல இல்லத்துச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து வாங்கி மாட்டுகிறான். தம்பியாக இருக்க வேண்டும். உடற்பயிற்சிக் கண்காட்சிக்குச் சப்பாத்து இல்லாமல் நிற்க முடியாது. நூலை இழுத்துக் கட்டிவிட்டு, "நீலத்துக்குப் போய் ஆடு போ" என்று முதுகில் ஒன்று வைக்கிறாள். ஓட்டத்துக்கு இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சப்பாத்துத் தேவையில்லை. வெறுங்காலோடுதான் வேகம் வருகிறது.

கண்காட்சியைப் பழக்கியவர் இளம் ஆசிரியை ஒருவர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அவரும் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்தவர்தான். எண்ணிக்கை சொல்ல வாய் திறக்காமல், பிள்ளைகளுக்கு எதிரே நின்று கைகளாலேயே நடத்துகிறார். பச்சை, வெள்ளைக் காகித வளையங்கள் ஒரே நேரத்தில் உயர்கின்றன. பின்வரிசைச் சின்னவன் ஒருவன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிந்துகிறான். ஆசிரியை அவன் முகத்தையே பார்த்தபடி இருக்கிறார். கடைசி அசைவில் அவன் சரியாகச் சேர்ந்துகொண்டதும் அவர் கை தன்னையறியாமல் தட்டிவிடுகிறது.

*

பதினொரு மணிக்குமேல் மலையிலிருந்து பெண்கள் இறங்குகிறார்கள். அரைப் பேர் போதும் என்று கொழுந்தை நிறுத்துவிட்டு வந்தவர்கள். பால் சேர்த்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்தவர்கள். நாட்சம்பளத்தில் பாதியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பைப்படியில் கை கால் கழுவி, சேலை மாற்றியிருந்தாலும் பால் மணம் போகவில்லை. மைதானத்துக்குள் வரத் தயங்கி மண்திட்டின் மேலேயே நிற்கிறார்கள். துணி போர்த்திய கதிரைகள் விருந்தினருக்குத்தானே என்று அவர்களுக்கு எண்ணம்.

அதிபர் எழுந்து போகிறார். "என்னாம்மா அங்கயே நிக்கிறீங்க? வாங்க, இது ஒங்க புள்ளைங்க கூட்டம். முன்னுக்கு வந்து உக்காருங்க." முதல் வரிசையில் பாதியைக் காலியாகவே வைத்திருந்திருக்கிறார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். பக்கத்துக் கதிரையில் கல்வி அதிகாரி. அதற்கப்பால் தோட்டத்து உதவித் துரை. பிரட்டுக்களத்தில் அவர் முன்னால் நின்று பேர் கொடுக்கிற பெண், இங்கே அவருக்குச் சமமாக உட்கார்ந்து அவர் கையிலிருக்கும் அதே நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவரே அவளிடம், "எது ஒங்க மகள்?" என்று கேட்கிறார். அவள் விரல் நீட்டிக் காட்டுகிறாள். சிவப்புக் கொடியின் பக்கம்.

அஞ்சலோட்டம், கயிறிழுத்தல், நீளம் பாய்தல். பையன் ஒலிவாங்கியில் மூச்சு விடாமல் சொல்கிறான். அவன் குரல் பள்ளத்தில் இறங்கி, எதிர் மலை லயங்களில் பட்டுத் திரும்புகிறது. வர முடியாத கிழவிகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்பார்கள். 800 மீற்றரில் மஞ்சள் இல்லத்துப் பையன் ஒருவன் எல்லோரும் முடித்த பிறகும் இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டியிருக்கிறது. யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. மஞ்சள் கூடாரம் எழுந்து நிற்கிறது. பிறகு நீலம். பிறகு சிவப்பு. முடித்து வந்தவனுக்குப் புள்ளி ஒன்றுமில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் புள்ளியைப் பற்றிக் கேட்கவுமில்லை.

பெற்றோர் நிகழ்ச்சி அறிவிக்கப்படுகிறது. அம்மாமாருக்குத் தேசிக்காயும் கரண்டியும். சிவப்புத் தலைவியின் அம்மாவை இழுத்து விடுகிறார்கள். வாயில் கரண்டியைக் கவ்வியதும் அவள் நடையே மாறிவிடுகிறது. மற்றவர்கள் தேசிக்காயைப் பார்த்து ஓடுகிறார்கள், விழுகிறது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. எதிரே உள்ள கோட்டைப் பார்த்தபடி, இடுப்புக்கு மேலே ஆடாமல், பாதத்தை மட்டும் விரைவாக எடுத்து வைத்து வருகிறாள். பல ஆண்டுகளாக வழுக்கும் சரிவில் பால்வாளியைத் தளும்பாமல் இறக்கிக் கொண்டுவந்த உடம்பு அது. மேடு பள்ளமான இந்த மைதானம் அவளுக்கு ஒன்றுமில்லை. வெகு முன்னாலேயே வந்து முடிக்கிறாள். மைதானம் ஆர்ப்பரிக்கிறது. மகள் எழுந்து நின்றபடி கை தட்ட மறந்து பார்க்கிறாள். அம்மாவின் தினசரி வேலையில் இவ்வளவு தேர்ச்சி இருந்தது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்று அந்த முகம் சொல்கிறது. பரிசாக ஒரு பிளாஸ்டிக் பேசின். பிரதம விருந்தினர் கையிலிருந்து அதை வாங்கும்போது அந்தப் பெண் இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொள்கிறாள்.

*

பழைய மாணவர் ஓட்டத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளில், ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள். முதல் நாள் இரவே பஸ் ஏறியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இந்த ஆண்டு மஞ்சள் இல்லத்துக்கு டீ-சேர்ட் வாங்கிக் கொடுத்தது அவன்தான். ஓடி முடித்து மூச்சு வாங்கப் பலாமரத்தடிக்கு வருகிறான். எனக்கு மூன்றடி தள்ளி உட்காருகிறான். பின்னாலேயே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலோடு வருகிறான்.

"அண்ணே, ஒங்க கடையில ஆள் எடுக்கிறாங்களா?"

"யாருக்குடா?"

"எனக்குத்தான்."

மூத்தவன் தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை.

"போன வருசம் சம்பியன் ஆனது எந்த இல்லம்னு கொழும்புல யாரும் என்னக் கேட்டதில்ல. எத்தன வரைக்கும் படிச்சன்னுதான் கேட்டாங்க. நீ ஓ.எல். எழுதிட்டு வா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் மஞ்சளுக்கு ஓடு."

பையன் போத்தலை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்கு நடக்கிறான்.

விழாக்களால் படிப்புக் கெடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் இந்தப் பாடசாலையின் வரவு இடாப்பைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சற்று முன் ஒரு வகுப்பாசிரியை இன்னொருவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்க்கிற பிள்ளைகள் பழகும் மாதத்தில் ஐந்து நாளும் வருகிறார்களாம். அணியில் ஆள் குறைந்தால் தோழர்களே லயத்துக்குப் போய் அழைத்து வருகிறார்களாம். ஆசிரியர் நான்கு முறை சொல்லி அனுப்பியும் வராத பிள்ளை, கூட்டாளி ஒரு முறை வாசலில் வந்து நின்றால் வந்துவிடுகிறது. வாணி விழாவுக்கு அவல் கடலை பொதி செய்ய, ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்கு மாலை கட்ட, மார்கழி ஒளி விழாவுக்குத் தொழுவம் கட்ட, தமிழ்மொழித் தினத்துக்கு வில்லுப்பாட்டுப் பழக என்று ஆண்டு முழுவதும் இப்படி ஒவ்வொரு காரணம் பிள்ளையை வாயிலுக்குள் கூட்டி வருகிறது. வந்த பிள்ளை பாடத்திலும் உட்காருகிறது. இங்கே பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பிள்ளையைப் பாடசாலையிலிருந்து வெளியே இழுக்கக் கடை இருக்கிறது, கடன் இருக்கிறது, அம்மாவின் நோய் இருக்கிறது. உள்ளே பிடித்து வைக்கவும் ஏதாவது இருக்க வேண்டுமே. அந்தப் பிடிமானத்தை மூன்று நிறத் துணியும் கொஞ்சம் சுண்ணாம்பும் தருகின்றன. இதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவும் கல்விச் செலவுதான்.

*

மூன்றரை மணி. புள்ளிப் பலகையில் நீலம் முந்திவிட்டது. சிவப்பு சில புள்ளிகளால் இரண்டாவது. சிவனொளிபாதமலையைச் செய்தவர்கள் அதன் உச்சியிலிருந்து விளக்கைப் பிடுங்கிக் கையில் ஏந்தி மைதானத்தைச் சுற்றுகிறார்கள். நீலத் தலைவன் கிண்ணத்தை வாங்கப் போகும் முன் சிவப்புத் தலைவியிடம் வந்து கை நீட்டுகிறான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கொடுக்கிறாள். சப்பாத்துக் காலோடு குதிக்கும் தம்பியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிவப்பைப் பார்த்து அல்லிராஜ்ஜியம் முடிந்தது என்று யாரோ கத்த, சிவப்புப் பெண்கள் அடுத்த வருசம் பார்ப்போம் என்று திருப்பிக் கத்துகிறார்கள்.

அம்மா பேசினைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி மகளைத் தேடி வருகிறாள். வெயில் இன்னும் சுடுகிறது.

"தோத்ததுக்கா அழுவுற? அடுத்த வருசம் எடுத்துக்கலாம் தாயி."

"அடுத்த வருசம் நான் இங்க இருக்க மாட்டேனேம்மா. ஓ.எல்.லோட இந்த ஸ்கூல் முடிஞ்சிருது."

இது பதினோராம் வகுப்பு வரையுள்ள பாடசாலை. உயர்தரத்துக்கு டவுனுக்குப் போக வேண்டும். விஞ்ஞானம் படிக்க விரும்பினால் இன்னும் தூரம். பஸ் காசு, ரியூஷன் காசு, விடுதி. சப்ரகமுவைத் தோட்டங்களில் நிறையப் பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்கிற இடம் இதுதான். அம்மாவுக்கும் அது தெரியும். பேசினை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கொஞ்சம் யோசிக்கிறாள்.

"டவுனு ஸ்கூல்லயும் இந்த மாதிரி இல்லம் பிரிப்பாங்கதானே?"

"பிரிப்பாங்க."

"அப்ப அங்க போயி ஓடு. என்னா நெறம் குடுத்தாலும் ஓடு. பஸ் காச நாங்க பாத்துக்கிறோம்."

அந்தத் தாய் மகளின் உயர்தரப் படிப்பைப் பற்றி இப்படி முடிவெடுக்க எந்த ஆலோசனைக் கூட்டமும் நடக்கவில்லை. அரைநாள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மகள் கொடி பிடித்து நடந்ததைப் பார்த்தாள். தானும் ஒரு கோட்டை முதலாவதாகத் தாண்டினாள். ஒரு பாடசாலை தன் ஊருக்கு ஒரே நாளில் செய்யக்கூடிய வேலையில் இதைவிடப் பெரியது எதையும் நான் கண்டதில்லை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உள்ள ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் நல்ல மைதானம் ஒன்று வேண்டும், பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து வரிசையில் நிற்க வேண்டும், அம்மாமாருக்கு அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும்.